சிம்பை ஒடிக்காதீர்கள்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"தக்காளியைக் கவாத்து செய்தால் காய் பெருக்கும், மகசூல் கூடும்" என்றார் எதிரணி நண்பர். கவாத்து என்று அவர் சொல்வது, இலைக்கணுவில் கிளம்பும் பக்கக் கிளையான சிம்பை ஒடித்துவிடுவதை. காய் பெருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தையில் பெட்டி எடைக்குத்தான் காசு. காய் கொஞ்சம் பெருத்து, எண்ணிக்கை பாதியாகிவிட்டால் அதற்குப் பெயர் மகசூலா?

எந்தச் செடியைக் கிள்ளச் சொல்கிறீர்கள் ஐயா? பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 புதராக நிற்கும் குட்டை ரகம். ஒன்றிரண்டு இலைக்கு ஒரு பூங்கொத்து விடும். சில கொத்துகள் ஆனதும் நுனியே பூவாகி, நடுத்தண்டு நின்றுவிடும். பிறகு காய்ப்பதெல்லாம் பக்கச் சிம்பில்தான். அதை ஒடித்தால் நடுத்தண்டில் இருக்கிற நாலைந்து கொத்தோடு அந்தச் செடியின் கதை முடிந்தது! ஓயாமல் ஏறிக்கொண்டே போகிற கொடி ரகம் வேறு. அதில் மூன்று இலைக்கு ஒரு கொத்து வரும். நிழல்வலைக் குடிலில் கயிறு கட்டி அதை ஒற்றைத் தண்டாக விடலாம். அங்கேயும் ஒரு செடியின் எடை குறையத்தான் செய்யும். நெருக்கி நட்டு அதை ஈடு கட்டுகிறார்கள். அந்த வரவைக் கவாத்தின் பெயரில் எழுதாதீர்கள்.

அடுத்து வெயில். சித்திரையில் இலைக்குடையை எடுத்துவிட்டால் காயின் தோள், அதாவது காம்பைச் சுற்றிய மேல்பகுதி, வெளுத்து, காகிதம்போல் சுருங்கி, அங்கே பூஞ்சை ஏறும். காயின் சூடு 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு சரியாக ஏறாது, தோள் மஞ்சளாகவே நிற்கும். வியாபாரி கழிப்பது அந்தக் காயைத்தான்.

அடுத்து நோய். இலையில் திட்டுத் திட்டாக நிறம் மாறவைக்கும் தேமல் நச்சுயிரி செடியின் சாற்றில் பரவும். நோயுள்ள ஒரு செடியைக் கிள்ளிய விரல் வரிசை முழுவதற்கும் அதைக் கொண்டுபோகும். அந்த நச்சுயிரி புகையிலையிலும் இருக்கலாம் என்பதால், புகையிலை தொட்ட கையும் அப்படித்தான்.

"காற்றோட்டம் வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டும்! அதற்குச் சிம்பு எதற்குப் பலியாக வேண்டும்? முதல் கொத்தில் காய் பிடித்ததும், தரையைத் தொடுகிற அடி இலைகளை மட்டும் முக்கால் அடி உயரம்வரை எடுங்கள். மழைத்துளியோடு மண் தெறித்து இலைக்கருகல் ஏறுவது அந்த இலைகளில்தான். பனி காய்ந்த பிறகு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று இலைக்கு மேல் போகாமல் எடுக்க வேண்டும். நடும்போதே 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளி விட்டு, குச்சி ஊன்றிக் கட்டினால் மீதிக் காற்று தானே வரும். இவ்வளவும் செய்த வயலில் சிம்பு ஒடிக்க ஆள்கூலி எதற்கு? எதிரணி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.