பிரித்துக் கொண்டுவந்த கோட்டை அசலாகுமா? பிவா ஏரிப் பயணம்: உங்கள் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஜப்பானில் பிவா ஏரியைச் சுற்றிப் போன ஒருநாள் பயண வீடியோவுக்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு கேள்வி இரண்டு நாளாக என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதைத் தீர்க்காமல் மற்றதைத் தொட மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற கொத்தனார் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்ட ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார்: "தம்பி, ஹிகோனே கோட்டை அசல், அசல் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னீர்கள். அதே வீடியோவில், அது வேறு ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தது என்றும் சொன்னீர்கள். பிரித்துக் கொண்டுவந்தது எப்படி அசலாகும்?"

கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி! மேஸ்திரி ஐயா, உங்களுக்கு முதலில் ஒரு கும்பிடு.

அசல் என்று நான் எதைச் சொன்னேன் என்று முதலில் தெளிவாக்கி விடுகிறேன். ஜப்பானில் கோட்டை என்று போய்ப் பார்ப்பதில் பெரும்பாலானவை பிற்காலத்தில் கட்டியவை. ஒசாகா கோட்டையின் நடுக்கோபுரம் 1931ல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம். உள்ளே லிஃப்ட் இருக்கிறது. பழைய காலத்து நடுக்கோபுரம் அப்படியே நிற்கிற கோட்டைகள் நாடு முழுக்க 12தான். அவற்றிலும் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி ஐந்துக்கு மட்டும். அந்த ஐந்தில் ஒன்று பிவா ஏரிக்கரையில் இருக்கிற ஹிகோனே. அந்தக் கணக்கில்தான் அசல் என்றேன்.

ஆனால் இது உங்களுக்குப் போதாது என்று தெரியும். இப்படி வைத்துப் பாருங்கள். அதே ஏரிக்கரையில் நாகஹாமா என்று ஒரு ஊர். பின்னாளில் ஜப்பான் முழுவதையும் தன் கீழ் கொண்டுவந்த டொயோடோமி ஹிதெயோஷி முதன்முதலாகக் கோட்டை கட்டிக்கொண்ட ஊர் அது. இன்றைக்கு அங்கே நிற்கிற கோட்டை 1983ல் கட்டிய கான்கிரீட், உள்ளே அருங்காட்சியகம். ஊர் அசல், கட்டடம் நகல். இன்னொன்று அசுச்சி. அதைப் பற்றித் தனி வீடியோவே போட்டிருக்கிறேன், பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். ஹிதெயோஷியின் தலைவர் ஓதா நொபுனாகா 1576ல் தொடங்கினார், 1579ல் கோபுரம் முடிந்தது, 1582ல் எரிந்து போனது. இப்போது மலையில் கல்படி மட்டும் இருக்கிறது. அங்கே இடம் அசல், கட்டடமே இல்லை. மூன்றாவதுதான் ஹிகோனே. மரம் அசல், இடம் வேறு. இந்த மூன்றில் எது அசல் என்று நீங்களே சொல்லுங்கள். நான் மரத்தின் பக்கம்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: ஜப்பானில் கட்டுவதில்லை, கோர்க்கிறார்கள். கோட்டை என்றதும் நமக்குக் கல் ஞாபகம் வரும். அங்கே கல் என்பது அடியில் இருக்கிற மேடைதான். மேலே எல்லாம் மரம். ஒரு உத்தரத்தில் துளை, இன்னொன்றில் அதற்கேற்ற முனை, செருகி இறுக்குகிறார்கள். செருகியதை உருவவும் முடியும். கழற்றி, எண் போட்டு, படகில் ஏற்றி, வேறு கரையில் திரும்பக் கோர்க்கவும் முடியும். ஏரி அருகில் இருப்பதால் பாரம் ஏற்றுவதும் சுலபம்.

அந்த மரம் எங்கிருந்து வந்தது என்ற கதையைப் பயண வீடியோவில் ஒரே வரியில் ஓட்டிவிட்டேன். தப்புதான். ஏரியின் தென்முனையில் ஓட்சு என்று ஊர்; அங்கே ஒரு கோட்டை இருந்தது. 1600ல் சேகிகஹாரா போர். நாட்டை யார் ஆள்வது என்று தீர்மானித்த சண்டை. அப்போது ஓட்சு கோட்டையில், அந்தப் போரில் வென்ற டோகுகாவா இயெயாசுவின் பக்கம் நின்ற கியோகோகு டகாட்சுகு என்பவர் இருந்தார். எதிர்ப்படை சுமார் 15,000 பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இவர் தாக்குப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சரணடைந்தார், எந்த நாளில் தெரியுமா? சேகிகஹாராவில் போர் நடந்த அதே நாளில். அந்த 15,000 பேரும் போர்க்களத்துக்குப் போய்ச் சேரவே முடியவில்லை! தோற்றவர்தான், ஆனால் அந்தத் தோல்வியால் டோகுகாவா இயெயாசுவுக்குக் கிடைத்த லாபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

போருக்குப் பிறகு ஹிகோனேயில் தன் தளபதிகளான இயி குடும்பத்துக்குக் கோட்டை எழுப்பும்போது, அந்த ஓட்சு கோபுரத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார் இயெயாசு. காரணம்? கோட்டை சரணடைந்தது, ஆனால் கோபுரம் மட்டும் எதிரி கையில் விழவில்லை, ராசியான கோபுரம் என்று கணக்கு. நம் ஊரில் ராசியான வீடு என்று வாடகைக்குப் பிடிப்போமே, அந்த மாதிரி.

1957லிருந்து 1960 வரை அந்தக் கோபுரத்தை முழுக்கக் கழற்றிப் பழுதுபார்த்தார்கள். அப்போதுதான் இந்தக் கதைக்கு மரத்திலேயே சாட்சி கிடைத்தது. முன்பு வேறு விதமாகக் கோர்த்திருந்த அடையாளங்கள் மரத்தில் இருந்தன. பழைய கோபுரம் நான்கு அடுக்குக் கூரை. இங்கே அதை மூன்றாகக் குறைத்திருக்கிறார்கள்.

எங்கள் வழிகாட்டி ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும், கையில் மஞ்சள் கொடி. செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும். படி என்று பேர், உண்மையில் ஏணி. 62 டிகிரி சாய்வு. காலில் வெறும் காலுறை, பலகையோ நானூறு வருடமாக ஆட்கள் நடந்து வழுவழு என்றிருக்கிறது. நான் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். அந்த அம்மா மேலே போய், கைவிளக்கை ஒரு உத்தரத்தின் மேல் அடித்துக் காட்டினார். சதுரமாக ஒரு துளை, உள்ளங்கை அளவு. அதில் எதுவும் செருகியிருக்கவில்லை. எதற்காகவும் வெட்டப்படாத துளை மாதிரி நின்றது. "இது ஓட்சுவில் வேலை பார்த்த துளை" என்றார். விரலை விட்டுப் பார்த்தேன். ஓரம் இன்னும் கூராக இருந்தது. மேஸ்திரி ஐயா, நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

கோட்டை அடிவாரத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. இயி படையின் சிவப்புக் கவசங்களைப் பார்க்க எல்லாரும் அங்கே போகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன். ஆனால் எனக்குப் பிடித்தது நடுவில் இருக்கிற நோ நாடக மேடை. மாளிகை 1987ல் திரும்ப எழுப்பியது. மேடை மட்டும் 1800ஆம் ஆண்டினுடையது. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) மாளிகையை இடித்தபோது மேடையைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மாளிகை திரும்ப வந்தபோது மேடையும் தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. போன மரம் வீடு திரும்பியிருக்கிறது! இதை வீடியோவில் காட்டவே இல்லை. கேமராவில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் கோட்டைகளைக் குப்பை மாதிரி இடித்துத் தள்ளினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹிகோனேயையும் இடிப்பதாகத்தான் இருந்தது. 1878ல் மெய்ஜி பேரரசர் அந்தப் பக்கம் வந்தார். ஓகுமா ஷிகெனொபு என்ற அமைச்சர் எடுத்துச் சொல்லி, பேரரசர் சொல்லால் தப்பியது.

அப்புறம் தீவு. நாகஹாமாவிலிருந்து படகில் அரை மணி நேரம். சிகுபு தீவு, சுற்றளவு இரண்டு கிலோமீட்டர்தான். இறங்கியதும் 165 கல்படி. மேலே ஹோகோன்ஜி என்ற புத்த கோயில், பக்கத்திலேயே ட்சுகுபுசுமா என்ற ஷிண்டோ கோயில் (ஷிண்டோ என்பது ஜப்பானின் பூர்விக மதம்). இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. மெய்ஜி அரசு புத்தத்தையும் ஷிண்டோவையும் பிரிக்கச் சொன்னபோது பாகம் பிரித்தார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி, இன்றைக்கும் நடுவில் ஒரு நடைக்கூடம் இணைக்கிறது.

ஹோகோன்ஜியில் ஒரு வாசல் இருக்கிறது. கருப்பு அரக்குப் பூச்சு, பொன் தகடு, செதுக்கிய பூக்கள், பறவைகள். சமீபத்தில் பழுதுபார்த்திருப்பதால் நேற்று வண்ணம் அடித்தது போல இருக்கும். பார்த்தவுடன் "இது புதுசு" என்று நானே முணுமுணுத்தேன். உண்மையில் அது ஹிதெயோஷியின் ஒசாகா கோட்டையில் ஒரு பாலத்தின் பகுதி. 1600ல் கழற்றிக் கியோட்டோவில் ஹிதெயோஷியின் நினைவுக் கோயிலில் வைத்தார்கள். 1602ல் அங்கிருந்தும் கழற்றி இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். 1615ல் ஒசாகா கோட்டை எரிந்தது. ஒசாகாவில் கான்கிரீட் கோபுரம். ஹிதெயோஷி காலத்து ஒசாகா மரமோ இந்தத் தீவில்! இரண்டு தடவை வீடு மாறியதால் பிழைத்தது. நான் சொன்ன நடைக்கூடம்கூட ஹிதெயோஷியின் கப்பலைக் கழற்றிய மரத்தில் செய்தது என்று சொல்கிறார்கள்.

ஏன் இந்தத் தீவுக்கு? அனுப்பியது ஹிதெயோஷியின் மகன் ஹிதெயோரி பெயரில். அப்போது அவன் சின்னப் பையன். அவன் தாய் யோதோ இந்த ஏரியின் வடகரையை ஆண்ட அசாய் வம்சத்துப் பெண். அம்மா வீட்டுச் சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஓட்சு கோட்டையில் தாக்குப் பிடித்தாரே டகாட்சுகு, அவர் மனைவி யோதோவின் சொந்தத் தங்கை. இந்த ஏரிக்கரையில் எந்த மரத்தைத் தொட்டாலும் இந்த அக்கா தங்கை வீட்டில் போய் முடிகிறது.

சரி. இப்போது ஒரு சின்ன மனக்குறை. இத்தனை பேர் எழுதினீர்கள், நான் காத்திருந்த கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தத் தீவில் இருக்கிற அம்மன் யார்?

பென்சாய்டென் என்று பெயர். கையில் பிவா என்ற நரம்புக் கருவி. ஏரிக்கே அந்தக் கருவியின் வடிவத்தால்தான் பெயர் என்பார்கள். யார் என்று புரிகிறதா? நம் சரஸ்வதிதான். சமஸ்கிருதத்தில் எழுதிய சுவர்ணபிரபாச சூத்திரம் என்ற பௌத்த நூல் சீன மொழிக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போனது. அதோடு அவளும் போனாள். ஆற்றுத் தெய்வம் இல்லையா, அதனால் அங்கேயும் தண்ணீர்ப் பக்கம்தான் குடியிருக்கிறாள்: தீவு, குளக்கரை, கடல் ஓரம். இந்த சிகுபு ஜப்பானின் மூன்று பெரிய பென்சாய்டென் தலங்களில் ஒன்று.

ஆனால் அப்படியே போகவில்லை. அவளையும் கழற்றித் திரும்பக் கோர்த்திருக்கிறார்கள். ஏட்டுச்சுவடி போய்விட்டது, அன்னம் போய்விட்டது. எட்டுக் கையில் வில், அம்பு, வாள் என்று ஆயுதம் வந்துவிட்டது. தலைக்கு மேல் ஒரு பாம்பு. வீணையும் பிவாவும் ஒரே கருவி இல்லை. பிவா பாரசீகத்திலிருந்து சீனா வழியாக வந்த வம்சம், நான்கு நரம்பு, விசிறி மாதிரி ஒரு கட்டையால் மீட்டுவார்கள். அவள் பெயரின் நடுவில் வருகிற "சாய்" என்ற எழுத்து முதலில் திறமையைக் குறித்தது. பிறகு அதே ஒலியுள்ள, செல்வத்தைக் குறிக்கிற எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள். சரஸ்வதி இருக்கிற இடத்தில் லட்சுமி தங்கமாட்டாள் என்று எங்கள் பாட்டி சொல்வாள். அங்கே ஒரே ஆள் இரண்டு வேலையையும் பார்க்கிறாள்.

மூலச் சிலையைப் பார்க்க முடியாது. 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் திறப்பார்கள், அடுத்தது 2037. நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் 60 ஆண்டுச் சுழற்சி உண்டு.

இப்போது சொல்லுங்கள் மேஸ்திரி ஐயா, அவள் அசலா?

இன்னொரு சகோதரி, "மாமியாருக்கு முழங்கால் வலி, இதெல்லாம் ஒரே நாளில் முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் கியோட்டோவில் காலையில் கிளம்பி ஹிகோனே, நாகஹாமா, தீவு, அங்கிருந்து எதிர்க்கரை இமாசு, கடைசியில் தண்ணீருக்குள் தோரீ என்கிற கோயில் வாசல் வளைவு நிற்கிற ஷிராஹிகே கோயில் என்று முடித்தோம். எல்லாப் படகும் எல்லா நாளும் ஓடாது. முதலில் படகு நேரத்தைப் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். மாமியாரைக் கோபுரத்திலும் 165 படியிலும் ஏற்ற வேண்டாம். கீழே நோ மேடைக்கு எதிரில் அவர் நிம்மதியாக உட்காரலாம். ஷிராஹிகேயில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் கோயிலுக்கும் ஏரிக்கும் நடுவில் பெரிய நெடுஞ்சாலை, லாரி பறக்கும். படம் எடுக்கிற ஆசையில் குறுக்கே ஓடாதீர்கள்.

மதியம் ஃபுனாசுஷி சாப்பிட்டேனா என்று கேட்டவருக்கு: ஒரு துண்டு. ஏரி மீனைச் சோற்றில் போட்டு மாதக்கணக்கில் புளிக்க வைத்தது. கருவாட்டு வாசம் பழகிய மூக்கே கொஞ்சம் பின்வாங்கியது.

கடைசியாக, தீவில் ஓடு எறிந்தது என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சின்ன மண் தட்டு தருவார்கள். ஒன்றில் பெயர், இன்னொன்றில் வேண்டுதல் எழுத வேண்டும். கீழே ஏரி ஓரத்தில் ஒரு தோரீ. அதன் ஊடாகத் தட்டு போனால் நினைத்தது நடக்கும். தோரீயைச் சுற்றித் தரையே தெரியாமல் உடைந்த ஓடு வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. நான் எறிந்ததில் பெயர் எழுதிய தட்டு ஊடாகப் போய்விட்டது. வேண்டுதல் எழுதியது பாதி வழியிலேயே பாறையில் மோதி உடைந்தது. வழிகாட்டி அம்மா சிரித்துவிட்டு, "நீங்கள் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்ன வேண்டும் என்றுதான் தெரியாது" என்றார். அதற்குள் படகு ஊதிவிட்டது. செருப்புச் சத்தம் கேட்க எல்லாரும் படியில் இறங்கி ஓடினோம்.

சரி, அடுத்த கேள்வி.