நோட்டுக்குத்தான் என் ஓட்டு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மேல்நாட்டு வீட்டுச் சமையலை உள்ளபடி காட்டுவது அச்சிட்ட சமையல் புத்தகமா, கையால் எழுதிய குறிப்பு நோட்டா என்பது தலைப்பு. எங்கள் அணி நோட்டுக்குத்தான் ஓட்டு கேட்கிறது. தப்பாக நினைத்துவிடாதீர்கள், இது வேறு நோட்டு!

எதிரணித் தலைவர், இங்கிலாந்தின் இசபெல்லா பீட்டன் போட்ட சமையல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். 1861-இல் லண்டனில் வந்தது, முதல் வருடமே 60,000 பிரதி போனது, நேரமும் அளவும் துல்லியம் என்றார். சரி, விற்றது உண்மை. துல்லியம்? பெரிய காரட்டை இரண்டேகால் மணி நேரம் வரை வேகவைக்கச் சொல்கிறது அந்தப் புத்தகம். அதற்குப் பிறகு அது காரட்டா என்று நீங்களே சொல்லுங்கள். புத்தகம் வந்தபோது அந்த அம்மாவுக்கு வயது 25. எலிசா ஆக்டன் 1845-இல் போட்ட சமையல் புத்தகத்திலிருந்தும் வேறு புத்தகங்களிலிருந்தும் எடுத்தது பல, கணவர் நடத்திய பத்திரிகையின் வாசகிகளிடம் கேட்டு வாங்கியது சில. வாசகிகள் எதைப் பார்த்து எழுதி அனுப்பியிருப்பார்கள்? வீட்டில் இருந்த நோட்டைப் பார்த்துத்தானே!

இன்னொரு நோட்டைக் காட்டுகிறேன். சார்லஸ் டார்வினின் மனைவி எமா, கல்யாணமான 1839-ஆம் வருடமே எழுதத் தொடங்கியது. இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒரு குறிப்பு மட்டும் டார்வினின் கையெழுத்து. என்ன தெரியுமா? சோறு வடிப்பது! தண்ணீரில் உப்புப் போடு, நன்றாகக் கொதித்ததும் அரிசியைக் கொட்டிக் கிளறு, கடிகாரத்தைப் பார்த்து 12 நிமிடம் கொதிக்க விடு, தண்ணீரை வடித்துவிட்டுப் பானையைத் தணலில் 10 நிமிடம் வை. பரிணாமம் எழுதிய கை கஞ்சி வடிக்கவும் எழுதியிருக்கிறது. இதை எந்த அச்சகம் நமக்குக் கொடுத்தது?

"அங்கே சமைத்தது வேலைக்காரர்கள்தானே?" என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். கரண்டி பிடித்தது சமையல்காரி, பேனா பிடித்தது எஜமானி. எழுத்தறியாத வீடுகளின் சமையல் எந்த நோட்டிலும் ஏறவில்லை. ஆனால் பீட்டன் புத்தகம் மட்டும் யாருக்கு எழுதியது? அதுவும் எஜமானிக்குத்தான்.

"முட்டை அளவு வெண்ணெய்" என்று எழுதினால் அது ஓர் அளவா என்றும் சிரித்தார்கள். எலுமிச்சை அளவு புளி என்றால் இந்த அவையில் யாருக்காவது புரியாதா? தலைதட்டி அளக்கும் முறையை அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் புத்தகமாகப் போட்டது 1896-இல். நூற்றாண்டு முடிய நான்கே வருடம் பாக்கி! அதுவரை வீடுகள் பட்டினியா கிடந்தன?

கடைசியாக அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன். இது நோட்டுகூட இல்லை, ஒற்றைத் தாள். தேங்காய் கேக்: தேங்காய் ஒரு கப், மாவு இரண்டு கப், சர்க்கரை ஒரு கப், முட்டை இரண்டு. எப்படிச் செய்வது என்று விளக்கமே இல்லை, அது கைக்குத் தெரியும். யாரிடம் வாங்கிய குறிப்பு என்பது மட்டும் இருக்கிறது, கார்மைக்கேல் அம்மாள். தாளைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு கவிதை!

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் பீட்டன் புத்தகத்தில் இப்படி ஒரு பக்கத்தைக் காட்டட்டும், நடுவர் அவர்களே. நன்றி.