படி எடுத்த கைகள்

சாயல்குடிப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசல் திண்ணையில் ஓர் அப்பத்தா ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பேத்தி. அப்பத்தா மடக்கினால் அவளும் மடக்குகிறாள். மேலே போகவேண்டிய ஓலை ஒன்று கீழே போய்விட்டது. அப்பத்தா திட்டவில்லை, பிரித்துக் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை பாட்டியின் பெட்டியை உற்றுப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பார்த்துப் படி எடுப்பது, அதாவது காப்பி என்றாலே ஈயடிச்சான் காப்பிதான் நமக்கு ஞாபகம் வரும். மூலத்தில் ஈ ஒட்டியிருந்ததாம். எழுதியவனும் ஓர் ஈயை அடித்து ஒட்டினானாம். சரி, அது பார்க்காமல் எழுதியவன் கதை. பார்த்து எழுதியவர்களை நாம் மறந்துவிட்டோம்.

நம் ஊர்ப் பனையின் ஓலையை வேகவைத்து, உலர்த்தி, எழுத்தாணியால் கீறி, கரி தடவினால் ஏடு. கறையானும் பூச்சியும் விடாது. சில நூற்றாண்டு தாங்கினாலே அதிகம். ஏடு சாவதற்குள் யாராவது உட்கார்ந்து இன்னொன்றில் படி எடுக்க வேண்டும். எடுக்காத நூல் போயே போய்விட்டது. கிடைத்ததெல்லாம் பெயர் தெரியாத யாரோ முதுகு வலிக்க எழுதியது.

அதுவும் லேசான வேலையா? ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எ-ஏ, ஒ-ஓ குறில் நெடில் வேறுபாடும் தெரியாது. கொடு, கோடு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பொருள் புரிந்தவர்தான் சரியாக வாசிக்க முடியும். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், பல ஏடுகளை வரி வரியாக ஒப்பிட்டுத்தான் பாடத்தை முடிவு செய்தார். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் படி காப்பாற்றியது. நம் சேதுபதி வழிவந்த பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்து ஏடுகளைத் தேடிச் சேர்த்ததும் இந்தக் கவலையில்தான்.

அதனால் பிள்ளைகளே, ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு அப்பத்தா பாடும் தாலாட்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். போனில் பதிவு செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் செய்யுங்கள். ஆனால் கையால் எழுதுங்கள். அப்புறம் அதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். தப்பான இடத்தில் அவரே நிறுத்துவார்.