கையெழுத்துக்கு முன்னாடி டேப்ப எடுங்க

வணக்கம் நேயர்களே. நான் ஒரு சிவில் இன்ஜினியர், இருபது வருஷத்துக்கு மேல சைட்ல நிக்கிறவ. வீடு கட்றத பத்தி பேசுங்கன்னு நிலையத்துல இருந்து கூப்டாங்க, என்ன பேசலாம்னு யோசிச்சப்ப கொஞ்ச நாள் முன்னாடி என்கிட்ட வந்த ஒரு புருஷன் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சு, அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தம்மா ஸ்கூல் டீச்சர். கையில ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ள வீடு கட்ற ஒப்பந்தம், ஸ்டாம்ப் பேப்பரோட சேர்த்து மூணு பக்கம். "மேடம், நாளான்னைக்கு மனை முகூர்த்தம், அதுக்குள்ள கையெழுத்து போட்டுடலாம்ங்கிறார் கான்ட்ராக்டர், ஒரு தடவ பாத்துட்டு சொல்லுங்க"ன்னாங்க. மெட்டீரியலோட சதுர அடி 2,500 ரூபா, நாலு பேர்கிட்ட விசாரிச்சு பேசி கொறச்சது, அதுல அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். நான் கேட்டேன், எத்தன சதுர அடிம்மா? ஆயிரம் மேடம். எந்த ஆயிரம்? அதுக்கு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

பேப்பர்ல "கட்டுமானப் பரப்பின்படி கணக்கிடப்படும்"னு ஒரே ஒரு வரி. பிளான்ல முன்னாடி 10க்கு 12ல ஒரு போர்டிகோ இருக்கு. அது 120 சதுர அடி, சில கான்ட்ராக்டர் பாதியா கணக்கு போடுவாங்க, சிலர் முழுசா போடுவாங்க. முழுசுன்னா 3 லட்சம், பாதின்னா ஒன்றரை லட்சம். மாடிப்படி எப்படி, மேல படிக்கு போடுற ஹெட்ரூம் எப்படி, வெளிச்சுவரோட வெளிப்பக்கம் வரைக்கும் அளக்கிறதா, உள்ள அளக்கிறதா, எதுவுமே இல்ல. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட்டு, இதுங்க பேரே அந்த மூணு பக்கத்துல எங்கயும் இல்ல. பேர் இல்லன்னா நாளைக்கு "அதெல்லாம் எக்ஸ்ட்ராங்க"ன்னு வரும், அவர் அப்படி கேட்டா அது ஏமாத்துறதுன்னும் சொல்ல முடியாது, எழுதாத வேலைக்கு அவர் காசு கேக்கத்தான் செய்வாரு.

நான் ஒப்பந்தம் படிக்கிறப்ப ஒரு பழக்கம் வச்சிருக்கேன். ஒவ்வொரு வரியையும் படிச்சிட்டு, நாளைக்கு சண்டைன்னு வந்தா சம்பந்தமே இல்லாத ஒரு மூணாவது ஆள் சைட்டுக்கு வந்து டேப்ப வச்சு அளந்தோ, சிமெண்ட் மூட்டைய திருப்பி பாத்தோ இது சரி, இது தப்புன்னு சொல்ல முடியுமான்னு கேட்டுக்குவேன். முடியாதுன்னா அந்த வரிய மாத்தி எழுதணும். "தரமான கம்பி உபயோகிக்கப்படும்"னா எத வச்சு அளக்குறது? எஃப்ஈ 500டின்னு கம்பியோட பலத்த சொல்ற கிரேடு போடுங்க, ரெண்டு மூணு பிராண்டு பேர் போடுங்க, "அல்லது அதற்கு இணையான"ங்கிற வார்த்தை இருந்தா அடிச்சிட்டு "வீட்டுக்காரர் எழுத்துல ஒத்துக்கிட்டா மட்டும்"னு மாத்துங்க. "தேவையான ஆழத்தில் அஸ்திவாரம்"னா யாருக்கு தேவையான? தரை மட்டத்துலேருந்து 5 அடின்னா 5 அடின்னு போட்டுட்டு, களிமண் வந்து இன்னும் தோண்ட வேண்டி வந்தா ஒரு அடிக்கு என்ன ரேட்டுங்கிறதையும் இப்பவே எழுதிடுங்க, குழி தோண்டுன பிறகு பேரம் பேசுறப்ப நம்ம கை தாழ்ந்துதான் இருக்கும். பேஸ்மெண்ட், அதாவது வீட்டுத் தரைய தூக்கி கட்ற உயரம், ரோட்லேருந்தா, மனைலேருந்தா? மனை பள்ளமா இருந்தா ரெண்டு அடி அங்கயே போயிடும், அப்புறம் மழைத்தண்ணி வாசப்படி ஏறும்.

காங்கிரீட் பத்தி கொஞ்சம் கூடுதலாவே சொல்லணும், ஏன்னா டைல்ஸ பத்து வருஷம் கழிச்சு கூட மாத்திக்கலாம், காங்கிரீட்ட மாத்த முடியாது. ஐஎஸ் 456ன்னு நம்ம நாட்டு விதி இருக்கு, அதுல கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு குறைஞ்சபட்சம் எம்20ங்கிற பலம் இருக்கணும். அதுக்கு கீழ போகக்கூடாதுன்னு எழுதுங்க, மேல போறது உங்க இன்ஜினியர் சொல்றபடி. தளம் போடுறப்ப கம்பிக்கு கீழ கவர் பிளாக், அதாவது கம்பிய பலகையிலேருந்து தூக்கி நிறுத்துற சின்ன கட்டை, வைக்கணும், சாதாரண இடத்துல தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கவர், அவ்வளவு காங்கிரீட் கம்பிய மூடி இருக்கணும். நான் எத்தனையோ சைட்ல பாத்திருக்கேன், கம்பி நேரா சென்ட்ரிங் பலகை மேலயே படுத்திருக்கும், அப்படியே காங்கிரீட் கொட்டிடுவாங்க, அஞ்சாறு வருஷத்துல சீலிங்லேருந்து பெயர்ந்து விழும், உள்ள துரு புடிச்ச கம்பி தெரியும். இப்ப நாம அதிகமா வாங்குற பிபிசி சிமெண்டுன்னா, அதாவது சாம்பல் மாதிரி பொருள் கலந்த சிமெண்டுன்னா, போட்ட காங்கிரீட்டுக்கு குறைஞ்சது 10 நாள் தண்ணி விட்டே ஆகணும். தண்ணி விடுறது யார் பொறுப்பு, தண்ணி லாரி காசு யாரோடது, வேலைக்கு எடுக்கிற தற்காலிக கரண்ட் பில்லு யாரோடது, இதெல்லாம் சின்ன விஷயமா தெரியும், இதுலதான் முதல் மனஸ்தாபமே வரும்.

டைல்ஸுக்கு "சதுர அடி 60 ரூபாய் வரை"ன்னு போட்டிருந்தா வரியோடயா, ஒட்டுற கூலியோடயான்னு கேட்டு எழுதிக்குங்க, சுவிட்ச் பாயிண்ட் ரூம் வாரியா எத்தனைன்னு எண்ணி போடுங்க, கதவு எந்த மரம்னும் போடுங்க.

இப்ப பணம் குடுக்கிற அட்டவணை. இத பேசுறப்ப எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வரும். ரிட்டயர்மெண்ட் பணத்த வச்சு வீடு ஆரம்பிச்சாரு, நான் அப்ப காலேஜ்ல படிச்சிட்டிருந்தேன். ஒப்பந்தம்னு ஒரு பக்கம், அதுல தளம் போட்டு முடிக்கிறப்ப நூத்துக்கு 85 குடுத்திருக்கணும்னு இருந்துச்சு, அப்பா நாணயமா நாள் தவறாம குடுத்தாரு. தளம் போட்ட மாசம் அந்த கான்ட்ராக்டர் வேற சைட்டுக்கு போனவர்தான், திரும்ப வரவேயில்ல. பூசாத செவரு ரெண்டு மழக்காலம் நனைஞ்சு பச்சையா பாசி புடிச்சிச்சு, எங்கம்மா வெளக்கமாத்தால அத தேய்ச்சு தேய்ச்சு விடுவாங்க. வெறும் தளம் வரைக்கும் நின்ன வீட்டுக்கு அதுக்கு மேல பூச்சு, தரை, கதவு ஜன்னல், ஒயரிங், பைப்பு, பெயிண்டுன்னு செலவு கிட்டத்தட்ட பாதி மிச்சம் இருக்கும், கையில இருந்ததோ நூத்துக்கு 15.

அதனால அட்டவணைய பாக்கும்போது ஒவ்வொரு கட்டத்துலயும் இந்த நிமிஷம் அவர் வேலைய விட்டுட்டு போனா என் கையில இருக்கிற மிச்சத்துல வேற ஆள வச்சு முடிக்க முடியுமான்னு கணக்கு போடுங்க. வேலை முன்னாடி போகணும், பணம் பின்னாடி வரணும். கடைசி 5 சதவீதமாவது சாவி வாங்கி ஒரு மழைக்காலம் பாத்த பிறகு குடுக்கிறதா பேசுங்க. பேங்க் லோன்னா பேங்க்காரங்க எந்த கட்டத்துக்கு எவ்வளவு விடுவாங்கன்னு முதல்ல கேட்டுட்டு அதோட ஒத்துப்போற மாதிரி இத எழுதுங்க, இல்லன்னா நடுவுல வட்டிக்கு வாங்க வேண்டி வரும்.

சட்டம் பத்தி ஒரு தப்பு நெனப்பு நெறய பேருக்கு இருக்கு. ரெரான்னு சொல்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம் 2016ல வந்துச்சு, அதுல கட்டுமான குறைக்கு 5 வருஷம் பில்டர் பொறுப்புன்னு இருக்கு, உண்மைதான். ஆனா அது விக்கிறதுக்காக கட்டுற புராஜெக்ட்டுக்கு, அதுவும் பொதுவா நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலயோ, எட்டு வீட்டுக்கு மேலயோ போனாத்தான். சொந்த மனையில நீங்க கான்ட்ராக்டர வச்சு கட்டுனா அது தானா வராது. அதனால அந்த 5 வருஷத்த, ஒழுகல் விரிசலுக்கு தனியா எத்தன வருஷம்ங்கிறத நீங்கதான் ஒப்பந்தத்துல எழுதி வாங்கணும். லேட் ஆனா மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகையும் போடுங்க, 1872 ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவுப்படி அந்த தொகைக்குள்ள நியாயமானத கோர்ட் குடுக்கும். வீடு கட்டிக் குடுக்கிறது சேவைன்னு 1993லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, 2019 நுகர்வோர் சட்டத்துலயும் அது இருக்கு, அதனால நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்க போகலாம். தகராறுன்னா கான்ட்ராக்டர் சொல்ற ஆள்தான் மத்தியஸ்தர்னு ஒரு வரி இருந்தா அத எடுக்க சொல்லுங்க.

நடுவுல நாமளே ஆசப்பட்டு ஜன்னல மாத்துவோம், ஒரு அலமாரி சேர்ப்போம், அது தப்பில்ல. ஆனா வாய்ல சொல்லாம ஒரு நோட்டுல தேதி, வேலை, ரேட்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட பிறகுதான் கொத்தனார் கைய வைக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கட்டும்.

அந்த டீச்சரம்மா மனை முகூர்த்தத்த அன்னைக்கே பண்ணாங்க, பூஜைக்கும் கையெழுத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கான்ட்ராக்டரையும் கூட்டிட்டு வந்தாங்க, நல்ல மனுஷன், மூணு மணி நேரம் உக்காந்தாரு. போர்டிகோ பாதி கணக்குன்னு அவரே பேனா எடுத்து எழுதுனாரு, சம்ப் 6,000 லிட்டர் ரேட்டுக்குள்ளயே வருதுன்னாரு, காம்பவுண்டு மட்டும் தனி, அதுக்கு ஓடுற அடிக்கு, அதாவது சுவர் நீளத்துல ஒரு அடிக்கு இவ்வளவுன்னு, ரேட் போட்டாரு. மூணு பக்கம் ஏழு பக்கமா ஆச்சு, ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாங்க. இப்ப கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் மட்டத்துக்கு வந்திருக்கு வேலை.