ஒரு பிளவும் இரண்டு பிளவும்

அவையோருக்கு வணக்கம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் என்றதும் தொலைநோக்கிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த மலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை, சூரிய பிம்பம் போய் விழும் இடத்தில் பொருத்திய இரண்டு கருவிகள்: ஸ்பெக்ட்ரோகிராஃப், ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். பெயரைக் கேட்டால் ஒன்றென்றே தோன்றும்.

முதலாவதில் ஒரே ஒரு மெல்லிய பிளவு. அதற்குள் நுழையும் ஒளியை முப்பட்டகமோ கீற்றணியோ (நெருக்கமான நுண்கோடுகள் கீறிய தகடு) நிறமாலையாக விரிக்கும். நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும்; சூரியனிலுள்ள தனிமங்கள் தங்களுக்குரிய நிறங்களை விழுங்கிய இடங்கள் அவை. சூரியனில் ஒரு கீற்றுதான் கிடைக்கும், ஆனால் அதன் நிறங்கள் வரிசையாகக் கிடைக்கும்.

இரண்டாவது கருவிக்கு, நிறமாலை விழும் இடத்தில் இன்னொரு பிளவை வையுங்கள். கால்சியத்தின் ‘கே’ கோடு, அதாவது 393.4 நானோமீட்டர் ஒளி மட்டும் அதில் நுழையட்டும். ஜெராக்ஸ் மெஷினில் விளக்கு நகர்வதுபோல, சூரிய பிம்பத்தை முதல் பிளவின் குறுக்கே நகர்த்துங்கள். புகைப்படத் தகடும் இரண்டாம் பிளவின் பின்னால் அதற்கு இணையாக நகர வேண்டும். கீற்றுக் கீற்றாக முழுச் சூரியனும் கால்சிய ஒளியில் பதிந்துவிடும். அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேலுக்கு இது மாணவப் பருவத்திலேயே தோன்றிய யோசனை!

1909 ஜனவரியில் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் கொடைக்கானலில் பயன்படுத்தியது ஒற்றைப் பிளவுக் கருவியைத்தான். கரும்புள்ளியைச் சூழ்ந்த மங்கலான பகுதியில், ஒரு பக்கம் கோடுகள் சிவப்பை நோக்கியும் எதிர்ப்பக்கம் நீலத்தை நோக்கியும் விலகியிருந்தன. வாயு நம்மைவிட்டு விலகினால் கோடு சிவப்புப் பக்கம் நகரும், நம்மை நெருங்கினால் நீலப் பக்கம். புள்ளி சூரிய வட்டின் நடுவுக்கு வந்தால் விலகலைக் காணோம். வாயு மேலெழவில்லை, புள்ளியிலிருந்து வெளிப்புறமாக, கிடையாகப் பாய்கிறது என்பதுதான் பொருள். கால்சியப் படத்தில் இது தெரிய வழியில்லை; பக்கத்து நிறங்களையெல்லாம் இரண்டாம் பிளவு தடுத்துவிடுகிறதே.

புகழ், ‘எவர்ஷெட் விளைவு’ என்று பெயர் பெற்ற இந்தப் பாய்ச்சலுக்குப் போனது. எனக்கென்னவோ 1904 முதல் கொடைக்கானலில் சேர்ந்துவந்த கால்சியத் தகடுகள்தான் பெரிய சொத்து என்று படுகிறது. அவற்றில் பளிச்சென்று தெரியும் திட்டுகள் காந்தப்புலம் வலுவாக உள்ள இடங்கள். அந்த வேலை தொடங்கியபோது சூரியனில் காந்தப்புலம் இருப்பதே நிரூபணமாகவில்லை. கரும்புள்ளிகளில் அது இருப்பதை ஹேல் கண்டது 1908இல். பழைய தகடுகள் இப்போது டிஜிட்டலாகிவிட்டன. நேரடிக் காந்த வரைபடம் இல்லாத அந்த ஆண்டுகளில் சூரியன் எப்படி இருந்தது என்பதை அவற்றிலிருந்து கணக்கிட்டு வருகிறார்கள்.