முடிவில்லாத அண்டத்தில் எல்லாமே இருந்தாக வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். அண்டம் முடிவில்லாதது என்றால், அச்சு அசலாக உங்களைப் போல் ஒருவர் எங்கோ இருந்தே தீர வேண்டும் என்பார்கள். இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2003-ல் அதற்குத் தூரமே கணக்கிட்டார்: 1-க்குப் பின்னால் பத்தாயிரம் கோடி அல்ல, கோடி கோடி கோடி கோடி பூஜ்யங்கள், அத்தனை மீட்டர். நம் கண்ணுக்கு எட்டும் அண்டத்தின் எல்லையை மீட்டரில் எழுத 27 இலக்கம் போதும்.

ஆனால் முடிவின்மையை மட்டும் நம்பி அவர் இதைச் சொல்லவில்லை. பொருள் எங்கும் பரவியிருக்க வேண்டும், சாத்தியமான ஒவ்வொரு அமைப்புக்கும் எங்கும் ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டார். முடிவின்மை மட்டும் போதாது. இரட்டை எண்களுக்கு முடிவே கிடையாது, அவற்றில் 3 இல்லையே.

வாய்ப்பு இருந்தால் போதுமா? அதுவும் போதாது. கணிதமேதை ஜார்ஜ் போல்யா 1921-ல் காட்டியது எனக்கு இன்றும் வியப்பு. கட்டம் கட்டமான தெருக்கள் உள்ள, எல்லையில்லாத ஊர். ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு திசைகளில் ஏதோ ஒன்றில் குருட்டாம்போக்கில் திரும்பி நடக்கிறீர்கள். எப்போதாவது புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது நிச்சயம். அதே நடையில் மேலும் கீழும் என இரண்டு திசைகளைச் சேர்த்துவிட்டால், நூறு பேரில் சுமார் 34 பேர்தான் திரும்புவார்கள். மற்றவர்கள் காலமெல்லாம் நடந்தாலும் திரும்புவதில்லை. எந்த நிலையிலும் திரும்புகிற வழி அடைபடவில்லை. நடை நீள நீள, தொடங்கிய இடத்தில் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. தரையில் அது மெதுவாகக் குறைவதால், வாய்ப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை, அதாவது சராசரியாக எத்தனை முறை திரும்புவீர்கள் என்ற கணக்கு, எல்லையின்றி வளரும். மேலும் கீழும் வழி திறந்தால் வேகமாகக் குறைந்து, கூட்டுத்தொகை ஓர் அளவுக்குள் அடங்கிவிடும்.

தாங்கள் இழந்த ஒருவர் வேறெங்கோ வாழ்கிறார் என்று, முடிவில்லாத அண்டத்தில் எல்லாமே இருக்கும் என்ற பேச்சை ஆறுதலாகப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இதை நிரூபிக்கப்பட்ட உண்மைபோல் சொல்வது சரியல்ல என்று நினைக்கிறேன்.

சரி, அண்டம் முடிவில்லாததுதானா? பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகளில் வெளி ஏறக்குறையத் தட்டையாக, அதாவது வளைவில்லாததாகத் தெரிகிறது. ஆனால் தட்டையான வெளியும், ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வந்து சேரும்படி அமைந்து, முடிவுள்ளதாக இருக்கலாம். அப்படியானால் அண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சில் ஒரே வட்டம் வானத்தின் இரு திசைகளில் தெரியக்கூடும். தேடினார்கள், இதுவரை அகப்படவில்லை. அந்தச் சுற்று நம் பார்வை எல்லையைவிட மிகப் பெரிதென்றால், இனியும் அகப்படாது.