புல் பிடித்து வைக்கும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

பவானிசாகர் அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் பக்கத்து விவசாயிகள் தினமும் செய்தியில் பார்ப்பார்கள். கோவையில் இருப்பவர்களுக்குப் பில்லூர்த் தண்ணீர் இன்றைக்கு வருமா என்பது கேள்வி. இந்தத் தண்ணீரில் பெரும்பங்கு எங்கே தங்கியிருந்துவிட்டு இறங்கி வருகிறது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நீலகிரியின் மேற்கு ஓரத்துக்கு வாருங்கள். அப்பர் பவானி, அவலாஞ்சி, முக்குருத்தி. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே. மலைச்சரிவு முழுக்கப் புல். இரண்டு சரிவுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் அடர்த்தியான சோலைக்காடு. புல்லும் காடும் சேருமிடம் கோடு கிழித்த மாதிரி இருக்கும். ஓர் அடி இந்தப்பக்கம் வெயில், ஓர் அடி அந்தப்பக்கம் இருட்டும் ஈரமும், பாசி படர்ந்த மரங்களும்.

முதல்முறை பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான். இவ்வளவு மழை பெய்கிற மலையில் சரிவில் ஏன் மரம் இல்லை? யாராவது வெட்டிவிட்டார்களா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு வருடம் முழுவதும் கிடைப்பதே சுமார் 140 சென்டிமீட்டர்தான். அப்படியிருந்தும் அங்கே புல்தான்.

பதில் இரவுக் குளிரில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். விடியும்போது புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைபனி. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல் நுனியிலும் பொடிப்பொடியாகப் பனிப்படிகம் ஒட்டியிருக்கும். சோலை மரத்தின் விதை அங்கே விழுந்து முளைத்திருந்தால், அதன் குருத்து உச்சியில் இருப்பதால் பனியில் கருகிப் போகும். புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் வளர்முனை அடியில், தூருக்குள் பத்திரமாக இருக்கிறது. நுனி காய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும். தீ வந்தாலும் அப்படியே. சோலைக்குள் மரக்கூரை சூட்டைப் பிடித்துவைப்பதால் தரைக்குப் பனி இறங்காது. ஆகவே மரக்கன்று சோலைக்குள் பிழைக்கிறது, புல் வெளியே பிழைக்கிறது.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. பேராசிரியர் ராமன் சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த மண்ணின் அடியில் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய தாவரங்களின் மிச்சம் இருந்தது. வெப்பமலைப் புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் விதம் வேறு, அந்த வித்தியாசம் மண்ணில் பதிந்துபோகிறது. அதை வைத்துப் பார்த்தால், காலநிலை வறண்டபோது புல் பரவியிருக்கிறது, ஈரமானபோது மரம் முன்னேறியிருக்கிறது. ஆக, மனிதர்கள் காட்டை அழித்ததால் வந்த புல் இது என்று சொல்வதற்கில்லை.

அந்தச் சதுப்பு மண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் செத்த புல் முழுதாக மக்காது. வருடா வருடம் படிந்து படிந்து கரிய மண்ணாகிறது. மார்ச் மாதத்தில் அதில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வழியும். மேலே சரிவில் புல்வேர் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் உள்ளே இறங்குகிறது. மெதுவாகக் கசிந்து சதுப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஓடைக்கு. மழை நின்று மாதக்கணக்கான பிறகும் பவானியின் தலையூற்றுகள் ஓடுவது இப்படித்தான்.

சரி, இதில் நாம் என்ன செய்தோம்? 1843 வாக்கில் ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தை இங்கே கொண்டுவந்தார்கள். சமவெளியில் தைலமரம் என்போமே, அதேதான். வாட்டில் எனப்படும் சீகை மரமும் அதே நாட்டிலிருந்து வந்தது. முதலில் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு ஆலைகளின் மரக்கூழுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும் என்று புல்மலைகள்மேல் பெரிய அளவில் நட்டார்கள். வெறும் புல்தானே, சும்மா கிடக்கிறதே என்ற எண்ணம். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தண்ணீர் என்ன ஆனது என்பதற்கு நீலகிரியிலேயே சோதனை இருக்கிறது. கிளன்மார்கனில், மண்வள நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். இன்னொன்றில் பாதிக்கு மேல் 1972-இல் கற்பூர மரம் நட்டார்கள். பத்து வருடம் கழித்து வெட்டி, தூரிலிருந்து மறுபடி தழையவிட்டார்கள். முதல் சுற்றில் ஓடையில் வந்த தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அதிலும் மழையில்லாத மாதங்களின் ஓட்டம்தான் அதிகம் அடிவாங்கியது. வேகமாக வளரும் மரம் ஆழத்திலிருந்து உறிஞ்சி இலை வழியாகக் காற்றுக்கு விட்டுவிடுகிறது. அதே மழை, அதே மண்தான். மேலே நிற்கும் தாவரத்தை மாற்றியதும் கீழே ஓடும் தண்ணீர் மாறிவிட்டது.

புல் போன இடத்தில் வரையாடு மேயாது. நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னஞ்சிறு குருவி இந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளியை விட்டு வேறெங்கும் வாழாது. தோடர் மக்கள் தங்கள் எருமைக் கோயில்களை வேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒரு தனிப் புல்லை வைத்திருக்கிறார்கள். சதுப்பு வற்றினால் அதுவும் அரிதாகிவிடுகிறது.

மரம் நடுவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் காடு இருந்து அழிந்த இடத்தில் நடுங்கள். புல்மலைமேல் நட்டுவிட்டுப் பசுமை பெருகியது என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

இப்போது அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை நடக்கிறது. அதற்காக 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டது. வேலை சுலபமில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டியதும் வெயில் பட்டு ஆயிரக்கணக்கில் முளைக்கும், தீ பட்டால் இன்னும் அதிகம். இன்னொரு சிக்கல், பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. அங்கே ஒட்டுமொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் பனியில் போய்விடும். அப்படிப்பட்ட தோப்புகளை விட்டுவிட்டு, புல்வெளிக்குள் புதிதாக நுழைகிற இளஞ்சீகையை முதலில் பிடுங்குவதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. சிறிதாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். வெட்டிய இடங்களில் உள்ளூர்ப் புல்லின் தூரைப் பிரித்து நட வேண்டும், அப்புறம் ஒவ்வொரு வருடமும் போய்ச் சீகை முளைகளைக் களைய வேண்டும். மரம் வெட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் அந்தப் பின்வேலைக்கும் குறைந்தது பத்து வருடத்துக்குச் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.